ஆறு கம்பிகளும் ஓர் அறிவியல் ஆசிரியரும்

எங்கள் பள்ளி ஆய்வகத்தின் அலமாரி மீது ஓர் எலக்ட்ரிக் கிட்டார் இரண்டு ஆண்டுகளாக உறையோடு கிடந்தது. முன்னாள் மாணவர் ஒருவர் தாம் வாசித்ததைப் பள்ளிக்கென்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாசிக்கத் தெரிந்த ஆசிரியர் எங்கள் பள்ளியில் யாரும் இல்லை. கலைத் திருவிழாவுக்கு மாணவர்களைத் தயார் செய்யும் நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, "சார், அந்த கிட்டாரை நான் வாசிக்கட்டுமா?" என்று கேட்டாள். அவளுடைய மாமா மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசிப்பவர். அவரிடம் கொஞ்சம் பழகியிருக்கிறாள். தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன்.

நான்கே நாளில் விரல்களைக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள். நுனிகளில் கம்பி பதிந்த கோடுகள் சிவந்திருந்தன. "ரொம்ப வலிக்குது சார். அழுத்தினாலும் சத்தம் சரியா வரல" என்றாள். "ஆரம்பத்துல அப்படித்தாம்மா இருக்கும். பழகப் பழகச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டபோது, "எனக்கு இது வராது சார்" என்றாள்.

அன்று மாலை அவளுடைய மாமாவிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் பயிற்சியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல கம்பி எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு ஒரு ஸ்கேல் வச்சுப் பாருங்க சார்" என்றார். அளந்து பார்த்தேன். ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். "அதுல நானே வாசிக்க மாட்டேன் சார். சின்னப் பொண்ணு எப்படி வாசிக்கும்?" என்றார். கம்பிகளும் துருவேறியிருந்தன. சரிசெய்யும் கடைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பெருநகரத்துக்குத்தான் போக வேண்டும். "நீங்க சயின்ஸ் வாத்தியார்தானே, நீங்களே செய்யலாம். நான் போன்ல சொல்றேன்" என்றார்.

அப்படித் தொடங்கியதுதான் இந்த வேலை. கிட்டாரைப் பொறுத்தவரை நான் முதல் வகுப்பு மாணவன். செய்த தவறுகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். உங்கள் பள்ளியிலும் ஏதேனும் ஓர் அலமாரி மீது இப்படியொரு கருவி கிடக்கலாம்.

கருவியை அறிவோம்

வீணையைப் பார்த்தவர்களுக்குக் கிட்டாரின் உறுப்புகள் புதியவை அல்ல. வீணையில் மெட்டு என்பது இங்கே ஃபிரெட். வீணையில் பிரடை என்பது இங்கே முறுக்காணி. வீணையின் குதிரை போல, கம்பிகளின் மறுமுனையைத் தாங்குவது பிரிட்ஜ். பிரிட்ஜின் மீது கம்பி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சிறு இருக்கை உண்டு. அதன் பெயர் சேடில். தலைப்பக்கத்தில் கம்பிகள் அமரும் காடிகள் கொண்ட பட்டையை 'நட்' என்கிறார்கள்.

எங்களிடம் இருப்பது, 1954-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தைப் பின்பற்றிய கருவி. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் அதிரும் நீளம் 648 மி.மீ. இதில் மாட்டும் மெல்லிய வகைக் கம்பிகளில் முதல் கம்பியின் விட்டம் 0.009 அங்குலம், ஆறாவது கம்பியின் விட்டம் 0.042 அங்குலம். கடையில் 'நைன் செட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். விலை சில நூறு ரூபாய்தான். முதல் கம்பியை மட்டும் கூடுதலாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

தேவையான பொருள்கள்

கட்டிங் பிளேயர், நட்சத்திரத் திருப்புளி, கருவிக்குப் பொருந்தும் ஆலன் கீ வகைகள், அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள ஸ்டீல் ஸ்கேல், பருத்தித் துணி, சுருதி காட்டும் செயலி உள்ள கைப்பேசி. இவற்றோடு ஃபீலர் கேஜ் ஒன்றும் இருந்தால் நல்லது. எங்கள் ஊர் இருசக்கர வாகன மெக்கானிக்கிடம் அதை இரவல் வாங்கினேன். கண்களுக்குக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். இறுகிய கம்பி அறுந்தாலோ வெட்டும்போது துள்ளினாலோ அதன் முனை எங்கே பாயும் என்று சொல்ல முடியாது.

முதல் தவறு: ஆறையும் கழற்றினேன்

பழைய கம்பிகளை இறுக்கமாக இருக்கும்போதே வெட்டக் கூடாது. முறுக்காணியைத் திருப்பி நன்றாகத் தளர்த்திய பிறகே வெட்ட வேண்டும். இதைச் சரியாகச் செய்தேன். ஆனால் துடைத்துச் சுத்தம் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று ஆறு கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டேன். உடனே பிரிட்ஜின் பின்பக்கம் 'டக்'கென்று உடலோடு படிந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பதறிப்போனேன்.

உடையவில்லை. இவ்வகைக் கிட்டாரின் முதுகுப்புறக் குழிக்குள் சுருள்வில்கள் இருக்கின்றன. கம்பிகள் பிரிட்ஜை ஒரு பக்கம் இழுக்க, சுருள்வில்கள் மறுபக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை பிரிட்ஜ் அசையாமல் நிற்கும். நான் ஒரு பக்கத்து விசையை முழுவதுமாக எடுத்துவிட்டேன்.

அந்த விசை சிறியதன்று. மேலே சொன்ன கம்பிகளைச் சரியான சுருதியில் ஏற்றினால் முதல் கம்பி மட்டுமே சுமார் 6 கிலோ எடை தொங்குவதற்கு இணையாக இழுக்கும். ஆறும் சேர்ந்தால் ஏறத்தாழ 38 கிலோ. நடுநிலை வகுப்பு மாணவர் ஒருவரின் எடையை இந்த மெல்லிய மரக்கழுத்து இரவும் பகலும் தாங்கி நிற்கிறது.

எனவே புதிதாகச் செய்பவர்களுக்கு என் ஆலோசனை: ஒரு கம்பியைக் கழற்றுங்கள், அதே தடிமனில் புதியதை மாட்டிச் சுருதிக்கு ஏற்றுங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். சமநிலை அதிகம் குலையாது.

புதிய கம்பி மாட்டுதல்

இவ்வகைக் கிட்டாரில் கம்பியைப் பின்புறத் துளை வழியாகச் செலுத்த வேண்டும். கம்பியின் நுனியில் உள்ள உலோகக் குண்டு உள்ளே தங்கிக்கொள்ளும். மறுமுனையைச் சேடில் மீதும் நட்டின் காடியிலும் படியவைத்து, முறுக்காணித் தண்டுக்குக் கொண்டுபோகிறோம். தண்டைத் தாண்டி சுமார் 5 செ.மீ. தளர்வு விட்டு நுழைத்தால் இரண்டு மூன்று சுற்றுகள் கிடைக்கும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இறங்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது தண்டு இடஞ்சுழியாகச் சுழன்றால் கம்பி இறுகும்.

ஆறாவதிலிருந்து முதல் கம்பி வரை சுருதிகள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதிர்வெண்கள் முறையே 82.4, 110, 146.8, 196, 246.9, 329.6 ஹெர்ட்ஸ்.

இங்கேதான் இரண்டாவது தவறு. என் கைப்பேசிச் செயலி சுருதியின் எழுத்தை மட்டும் காட்டும் வகை. முதல் கம்பி சரியான 'ஈ'யைத் தாண்டியதைக் கவனிக்காமல், அடுத்த 'ஈ' வரட்டும் என்று முறுக்கிக்கொண்டே போனேன். கம்பி பட்டென்று அறுந்தது. அடுத்த 'ஈ' என்பது இரு மடங்கு அதிர்வெண். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே அதிர்வெண் இரு மடங்காக வேண்டுமெனில் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். 6 கிலோ தாங்க வேண்டிய கம்பியிடம் 24 கிலோவைக் கேட்டிருக்கிறேன். கரும்பலகையில் பலமுறை எழுதிய விதி அன்றுதான் என் கையில் உறைத்தது.

புதுக் கம்பி முதலில் சுருதியில் நிற்காது. ஒவ்வொரு கம்பியையும் விரலால் மெல்ல மேலே இழுத்துவிட்டு, மீண்டும் சுருதி சேர்க்க வேண்டும். மூன்று நான்கு முறை செய்தால் நிலைத்துவிடும். ஒரு கம்பியை ஏற்றினால் பிரிட்ஜ் சற்றே எழும். அதனால் ஏற்கெனவே சேர்த்த கம்பிகள் இறங்கும். கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு கம்பிகளையும் நாலைந்து சுற்று திரும்பத் திரும்பச் சேர்த்தால் சமநிலைக்கு வந்துவிடும். முனைகளைக் கடைசியில் வெட்டுங்கள்.

செட்டப்: வரிசை மாறக் கூடாது

கம்பி மாட்டியதோடு வேலை முடிவதில்லை. இதன் பிறகு செய்யும் நான்கு திருத்தங்களைத்தான் 'செட்டப்' என்கிறார்கள்: கழுத்தின் வளைவு, கம்பியின் உயரம், சுருதிச் சுத்தம், பிக்கப்பின் உயரம். இதே வரிசையில் செய்ய வேண்டும். கழுத்தைத் திருத்தினால் உயரம் மாறும். உயரத்தைத் திருத்தினால் சுருதி மாறும். பின்னதை முன்னால் செய்தால் அந்த வேலையை மறுபடியும் செய்ய வேண்டிவரும்.

1. கழுத்தின் வளைவு

கழுத்து முற்றிலும் நேராக இருக்கக் கூடாது. மிக இலேசாக உட்குழிந்திருக்க வேண்டும். அதிரும் கம்பி நடுப்பகுதியில்தான் அகலமாக அசைகிறது. அந்த அசைவுக்கு இடம் வேண்டும்.

அளப்பதற்கு வேறு கருவி தேடாமல் கம்பியையே பயன்படுத்தலாம். கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் பார்ப்பது போலத்தான். ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது, எட்டாவது ஃபிரெட்டுகளுக்கு மேல் தெரியும் இடைவெளி சுமார் 0.25 மி.மீ. இருந்தால் போதும். ஃபீலர் கேஜ் இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டின் தடிமனோடு ஒப்பிடலாம். எங்கள் கிட்டாரில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. மரம் கம்பிகளின் பக்கமாக வளைந்துபோயிருந்தது.

கழுத்தின் உள்ளே ஓர் எஃகுத் தண்டு இருக்கிறது. பெயர் டிரஸ் ராடு. ஆலன் கீயால் அதை வலஞ்சுழியாக இறுக்கினால் கழுத்து நிமிரும். இடஞ்சுழியாகத் தளர்த்தினால் குழிவு கூடும். கம்பிகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், மீண்டும் சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். மரம் ஒத்துக்கொள்ள நேரம் எடுக்கும். நான் இதை இரண்டு நாள் இடைவெளியில் செய்தேன். தண்டு திரும்ப மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலத்தால் திருப்பினால் கழுத்தே வீணாகிவிடும்.

2. கம்பியின் உயரம்

மாணவியின் விரலைப் பதம் பார்த்தது இதுதான். உயரம் அதிகமானால் அழுத்தக் கூடுதல் விசை வேண்டும். அதோடு, அழுத்தும்போது கம்பி அதிகமாக இழுபடுவதால் சுரமும் ஏறிவிடும். அவள் எவ்வளவு கவனமாக வாசித்தாலும் அபசுரம்தான் வந்திருக்கும். "சத்தம் சரியா வரல" என்று அவள் சொன்னது முற்றிலும் சரியான கணிப்பு. நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

சேடில் ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு திருகுகள் இருக்கும். இரண்டையும் ஒரே அளவு திருப்பினால் சேடில் சாயாமல் இறங்கும். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல்விளிம்புக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இடையே ஆறாவது கம்பிக்கு 2 மி.மீ., முதல் கம்பிக்கு 1.6 மி.மீ. வைத்தேன். தொடக்க நிலையினருக்கு இது வசதியான அளவு. பிறகு ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி மீட்டிப் பார்க்க வேண்டும். 'ஜிர்' என்ற இரைச்சல் தலைப்பக்க ஃபிரெட்டுகளில் மட்டும் வந்தால் கழுத்து அளவுக்கு மீறி நிமிர்ந்திருக்கலாம். உடல்பக்க ஃபிரெட்டுகளில் வந்தால் கம்பி தாழ்ந்துவிட்டது என்று பொருள். சற்றே ஏற்ற வேண்டும்.

நட்டின் காடிகளை அராவி ஆழமாக்கும் வேலையை நான் தொடவில்லை. அதிகமாக அராவிவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அது பழகிய கைகளுக்கான வேலை.

3. சுருதிச் சுத்தம்

திறந்த கம்பி சுருதியில் இருந்தும், மேலே போகப் போகச் சுரங்கள் பிசகினால் கம்பியின் நீளத்தைத் திருத்த வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் சரிபாதியில், அதாவது 324 மி.மீ.-இல் உள்ளது. அங்கே கம்பியை அழுத்தாமல் விரலால் மெல்லத் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுத்தால் மணி போன்ற ஒலி கேட்கும். தொட்ட இடம் கணுவாகி, கம்பி இரண்டு பாதிகளாக அதிர்கிறது. ஐந்தாவது கம்பியின் 110 ஹெர்ட்ஸ் இங்கே 220 ஹெர்ட்ஸ் ஆகும். அடுத்து அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்திக் கம்பியை நீளமாக்க வேண்டும். இறங்கியிருந்தால் முன்னுக்கு நகர்த்த வேண்டும். ஒவ்வொரு முறை நகர்த்திய பின்பும் திறந்த கம்பியின் சுருதியைச் சேர்த்துவிட்டே ஒப்பிடுங்கள்.

வீணையில் மெழுகின் மீது மெட்டுகளை நகர்த்திச் செய்யும் திருத்தத்தை இங்கே சேடிலை நகர்த்திச் செய்கிறோம். முடிவில் ஆறு சேடில்களும் ஒரே கோட்டில் நிற்காமல் படிக்கட்டு போல நிற்கும். அது சரிதான்.

இந்தக் கட்டத்தில் மாணவியைக் கூப்பிட்டேன். "வாசிக்க வேண்டாம், உதவிக்கு மட்டும் வாம்மா" என்றேன். நான் கைப்பேசித் திரையைப் பார்த்து முள் எங்கே நிற்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது, அவள் காதாலேயே "ஏறியிருக்கு சார்", "இப்ப கொஞ்சம் இறங்கிடுச்சு சார்" என்று சொன்னாள். செயலியும் ஒவ்வொரு முறையும் அதையே காட்டியது. "எனக்கு வராது" என்று சொன்ன பிள்ளைக்கு என்னைவிடக் கூர்மையான காது இருந்தது.

4. பிக்கப்

எலக்ட்ரிக் கிட்டாரில் ஒலியை எடுப்பது மைக் அன்று. கம்பிகளுக்குக் கீழே காந்த முனைகளும், அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய செப்புச் சுருளும் உள்ளன. எஃகுக் கம்பி அதிரும்போது சுருளின் வழியே காந்தப்பாயம் மாறுகிறது. மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலேதான். 1932-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, வாணலி வடிவம் கொண்ட 'ஃபிரையிங் பேன்' கிட்டாரிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான்.

பிக்கப் கம்பிக்கு மிக அருகில் இருந்தால் காந்தம் கம்பியை இழுத்து அதன் அதிர்வைக் கலைக்கும், சுரம் நடுங்கும். தூரம் கூடினால் ஒலி குறையும். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திய நிலையில் 2 முதல் 2.5 மி.மீ. இடைவெளி பொருத்தமாக இருந்தது.

ஒரு பாதுகாப்புக் குறிப்பு: கம்பிகள் ஒலிபெருக்கியின் எர்த் இணைப்போடு சேர்ந்தவை. ஆகவே எர்த் சரியாக உள்ள மூன்று துளைப் பிளக்கில் மட்டுமே ஒலிபெருக்கியைச் செருக வேண்டும். எர்த் முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு துளைப் பிளக்கில் செருகும் பழக்கம் இங்கே உயிருக்கே ஆபத்து. திருத்த வேலைகளின்போது கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

வகுப்பறைக்குள் கிட்டார்

வேலை முடிந்த பிறகு இதை வகுப்புக்கும் எடுத்துப் போனேன். பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஃபிரெட்டுகளுக்கு இடையேயான தூரங்களை அளந்தார்கள். நட்டிலிருந்து முதல் ஃபிரெட் 36.4 மி.மீ., அடுத்த இடைவெளி 34.3 மி.மீ. இப்படியே குறைந்து, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே 19.3 மி.மீ. அடுத்தடுத்த இரண்டை வகுத்தால் எங்கும் ஏறத்தாழ 0.944. பெருக்குத் தொடர்வரிசைக்கு இதைவிடத் தெளிவான மாதிரி எனக்குக் கிடைத்ததில்லை. மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் சுரமானிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாடம் நடத்தலாம். "நைலான் கம்பி மாட்டினால் இந்த பிக்கப் வேலை செய்யுமா?" என்ற ஒரே கேள்வி மின்காந்தத் தூண்டல் பாடத்தைத் தொடங்கப் போதும். கிட்டார் இல்லாத தொடக்கப் பள்ளியில் ஜியோமெட்ரி பாக்ஸின் மீது தடித்த, மெல்லிய ரப்பர் பேண்டுகளை மாட்டி மீட்டச் சொன்னாலே பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

மீண்டும் அந்த மாணவி

எல்லாம் முடிந்ததும் கிட்டாரை அவள் கையில் கொடுத்தேன். மாமா சொல்லிக்கொடுத்த பிடியைப் பிடித்து மீட்டினாள். ஆறு கம்பிகளும் தெளிவாக ஒலித்தன. சிறிது நேரம் வாசித்துவிட்டு விரல் நுனிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப எனக்கு வராதுன்னு இல்லையா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நான்தான் முதல்லயே அளந்து பார்த்திருக்கணும்" என்றேன்.

பள்ளி அளவிலான போட்டியில் அவள் வாசித்தாள். ஓர் இடத்தில் தடுமாறினாள், பரிசு வரவில்லை. ஆனால் இப்போதும் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்கு வந்துவிடுகிறாள். கூடவே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வருகிறார்கள். கிட்டார் உறைக்குள் ஓர் அட்டை வைத்திருக்கிறோம். கம்பி மாற்றிய தேதி, கழுத்தின் இடைவெளி, கம்பிகளின் உயரம் எல்லாம் அதில் அவள் கையெழுத்தில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை அளந்து எழுதுவது அவள் பொறுப்பு.

எனக்கும் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஒரு பிள்ளை "கஷ்டமா இருக்கு சார்" என்றால் "பழகப் பழகச் சரியாயிடும்" என்று உடனே சொல்வதில்லை. எழுத முடியவில்லை என்றால் பேனாவை வாங்கி எழுதிப் பார்க்கிறேன். பலகை தெரியவில்லை என்றால் அந்தப் பிள்ளையின் இடத்தில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். பல நேரங்களில் பயிற்சிதான் தேவைப்படுகிறது. சில நேரங்களில் இரண்டு மில்லிமீட்டர் இறக்கிவைத்தாலே போதுமானதாக இருக்கிறது.